லிஃப்ட் கிட் காத்திருக்கட்டும்

புது ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவரிடம், விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை இன்ச் லிஃப்ட் பண்ணப் போறீங்க?" என்பதுதான். அதாவது, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை எவ்வளவு உயர்த்தப் போகிறீர்கள் என்று. வண்டி எப்படி ஓடுகிறது, லோ ரேஞ்சில் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓட்டும் கியரில்) போட்டுப் பார்த்தீர்களா என்பதெல்லாம் அப்புறம். என்னிடமும் கேட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று "ரெண்டு இன்ச் போதும்னு நினைக்கிறேன்" என்றேன். கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் இரண்டு? எந்தக் கல்லில் அடிபட்டு, எந்தப் பள்ளத்தில் வயிறு தட்டி அந்த இரண்டு வந்தது? எல்லோரும் இரண்டு இன்ச் போடுகிறார்கள், கடையில் இரண்டு இன்ச் கிட் விற்கிறார்கள், அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் ஒரேயடியா செய்யாதே, படிப்படியா செய்" என்று அறிவுரை சொல்லாதவர் இல்லை. ஆனால் எந்தப் படி முதலில் என்று கேட்டால் எல்லோரும் ஒப்பிக்கும் வரிசை ஒன்றுதான்: லிஃப்ட், பெரிய டயர், இரும்பு பம்பர், வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்), மேலே ரேக், ரேக் மேல் டென்ட். இந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ தலைகீழாக இருப்பதாகவே தோன்றியது. வண்டியைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங்கை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அது தாங்க வேண்டிய எடையைப் பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம். பிறக்காத குழந்தைக்குச் சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வண்டியை வாங்கிய கையோடு பட்டறையில் விட்டு, எல்லாம் மாட்டி முடித்த பிறகே வெளியே எடுத்தவர். "மெதுவா செய்யறேன்னு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவை கூலி கொடுப்பே. இன்னைக்கு ஒரு ஸ்பிரிங், பம்பர் போட்டதும் வேற ஸ்பிரிங். ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் வேற. தேவையா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆசை வந்தபோது ஒன்று, கையில் பணம் வந்தபோது இன்னொன்று என்று மாட்டினால், முந்தையது அடுத்ததற்குப் பொருந்தாமல் போகும். ஆக, மெதுவாகச் செய்வதென்றால் திட்டமில்லாமல் செய்யலாம் என்று ஆகிவிடாது. முழுத் திட்டமும் முதல் நாளே தாளில் இருக்க வேண்டும், மாட்டுவது மட்டும் மெதுவாக நடக்க வேண்டும் என்ற அளவுக்கு வந்தேன். ஆனால் அந்தத் தாளில் எதை எழுதுவது?

எடைமேடை

விளம்பரப் புத்தகத்தில் வண்டியின் வெற்று எடையும், அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் ஏற்றக்கூடியது. என் வண்டிக்கு மொத்த வரம்பு 2,700 கிலோ. வெற்று எடையைக் கழித்தால் 600 கிலோவை ஒட்டி வருகிறது. கேட்க தாராளமாகத்தான் இருந்தது. ஆனால் வெற்று எடை என்பதை எல்லோரும் ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. ஐரோப்பிய விதிப்படி சொல்லப்படும் எடையில் ஓட்டுநருக்கென்று 75 கிலோ சேர்ந்தே இருக்கும். வேறு சில கணக்குகளில் இருக்காது. அதனால் புத்தகத்தை மூடிவிட்டு, நேரே எடைமேடைக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

காலி வண்டியை எடை போட்டு ஒரு பயனும் இல்லை. உண்மையில் பயணம் கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே போனோம். டாங்க் நிறைய டீசல், மனைவி, இரண்டு பிள்ளைகள், பைகள், தண்ணீர் கேன்கள், சின்ன ஃபிரிட்ஜ், கருவிப்பெட்டி, தரையில் போடும் டென்ட். லாரிகளுக்கு நடுவே எங்களைப் பார்த்த எடைமேடைக்காரர், "லோடு எங்க சார்?" என்றார். பின் சீட்டைக் காட்டி "இவங்கதாங்க லோடு" என்றேன். சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டார். முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்குமாறு நிறுத்தி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கு ஒன்று, கடைசியாகப் பின் சக்கரங்களுக்கு மட்டும் ஒன்று. முன் அச்சு 1,210, பின் அச்சு 1,330, மொத்தம் 2,540.

வண்டியில் ஒரு போல்ட்கூட இன்னும் கூடுதலாக மாட்டவில்லை. அதற்குள் மிச்சம் 160 கிலோதான்.

அங்கேயே ஓரமாக நிறுத்தி என் ஆசைப் பட்டியலை எடுத்தேன். இரும்பு முன் பம்பர் 60 கிலோ. வின்ச் 40. அடிப்பகுதிக்கு இரும்புத் தகடுகள் 40. ஸ்பேர் டயரைத் தாங்கும் கையோடு பின் பம்பர் 80-க்கு மேல். ரூஃப் ரேக் 30, அதன் மேல் டென்ட் 60. பின்னால் இழுப்பறைப் பெட்டி 60. கூடுதல் டீசல் டாங்க்கில் 60 லிட்டர் பிடிக்கும் என்றால், டீசல் லிட்டருக்கு 0.84 கிலோ வீதம் அதுவே 50 கிலோ, டாங்க்கின் எடை தனி. கூட்டினால் 400-ஐத் தாண்டுகிறது. இருப்பதோ 160. பட்டியலில் உள்ளதெல்லாம் வேண்டுமென்றால் பிள்ளைகளையும் தண்ணீரையும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அதைவிட என்னை நிறுத்தியது முன் அச்சின் கணக்கு. ஒவ்வொரு அச்சுக்கும் தனி வரம்பு உண்டு. கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். என் முன் அச்சுக்கு 1,350. அதாவது இன்னும் 140 தாங்கும். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 100 கிலோ, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 100 கிலோ அச்சின் மேல் உட்காரவில்லை, அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. நெம்புகோல் கணக்குதான். சக்கரங்களுக்கு இடையே 2.75 மீட்டர், எடை முன் அச்சிலிருந்து 0.8 மீட்டர் வெளியே என்று வைத்துக்கொண்டால், முன் அச்சில் ஏறுவது கிட்டத்தட்ட 129 கிலோ. பின் அச்சில் 29 கிலோ குறைகிறது. பம்பரும் வின்ச்சும் மாட்டினால் மிஞ்சுவது 11 கிலோ. அதன் பிறகு முன்னால் ஒரு நல்ல அடித்தகடு போடக்கூட இடமில்லை. மூக்கு தாழ்ந்த வண்டி மேட்டில் ஏறும்போது எப்படி இருக்கும், வளைவில் பிரேக் அடித்தால் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். வெறும் கூட்டல் கழித்தலிலேயே கதை முடிந்துவிட்டது.

எத்தனை இன்ச் என்ற கேள்வி என் மண்டையை விட்டுப் போனது அங்கேதான். அதற்குப் பிறகு எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் கேட்பது எத்தனை கிலோ, எந்த இடத்தில் என்றுதான்.

இது புதுக் கவலை ஒன்றும் இல்லை. ஜீப் பிறந்ததே இந்தக் கவலையோடுதான். 1940-இல் அமெரிக்க ராணுவம் சிறிய உளவு வாகனம் ஒன்றுக்கு டெண்டர் விட்டபோது முதலில் கேட்ட எடை 1,300 பவுண்டு, 600 கிலோவுக்கும் குறைவு. யாராலும் முடியாததால் பிறகு 2,160 பவுண்டாகத் தளர்த்தினார்கள். வில்லிஸ் நிறுவனத்தின் வண்டியில் வலுவான எஞ்சின் இருந்தது, எடைதான் வரம்பைத் தாண்டியது. அதன் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் எஞ்சினை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், வண்டியைப் பிரித்துப்போட்டு ஒவ்வொரு பாகமாக எடை குறைத்தார். தேவைக்கு மேல் நீண்டிருந்த போல்ட்களை வெட்டியதும், பெயின்ட் பூச்சைக்கூடக் குறைத்ததும் அந்தக் கதையில் வரும். அந்த வண்டியின் வாரிசுகளை வாங்கி, அவர் கிராம் கிராமாகக் குறைத்ததை நாம் கிலோ கிலோவாகத் திருப்பி ஏற்றுகிறோம்.

எடையில்லாதது முதலில்

சரி, பிறகு எதில் தொடங்குவது? எடை ஏறாமல் வண்டியை மாற்றுகிற விஷயங்களில்தான். அதில் முதலாவது டயரில் உள்ள காற்று. தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருக்கிற டயரை மண் பாதையில் 20-க்கு இறக்கினால், தரையில் படும் பகுதி நீளவாக்கில் கூடுகிறது. பக்கச்சுவர் சற்றுப் பிதுங்கி, டயர் கல்லைத் தள்ளாமல் அதன் மேல் படிந்து போகிறது. மென்மணலில் 15 வரை இறக்குவார்கள். அதற்கும் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து. இதற்கு வேண்டியது நம்பகமான ஒரு பிரஷர் கேஜும், திரும்ப நிரப்ப ஒரு கம்ப்ரஸரும்தான். சில கிலோக்களில் முடிந்துவிடும். நிரப்பாமல் நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறிப் பிய்ந்துபோகும்.

இரண்டாவது, வண்டியை இழுக்கப் பிடிக்கும் இடம். புது வண்டியின் முன்னால் அடியில் தெரியும் வளையத்தைப் பார்த்து "கொக்கி இருக்கே" என்று நிம்மதியாகிவிடக் கூடாது. பல வண்டிகளில் அது கப்பலிலும் லாரியிலும் ஏற்றும்போது கட்டிவைப்பதற்கான வளையம். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் விசை அதன் சக்திக்கு மீறியது. சேஸிஸில் சரியான போல்ட்களோடு மாட்டிய, இவ்வளவு தாங்கும் என்று எழுதப்பட்ட ரெக்கவரி பாயின்ட் முன்னும் பின்னும் வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் இழுகயிற்றை மாட்டவே கூடாது. இழுபட்டு விரிந்த கயிறு அந்த உருண்டையைப் பிய்த்தெடுத்தால் அது குண்டு மாதிரி பாயும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் படிப்படியாக என்ற பேச்சே கிடையாது. முதல் மண் பாதைக்கு முன்னாலேயே மாட்டிவிட்டேன்.

மூன்றாவது யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு ரப்பர் குழாய். ஸ்நார்கெல், அதாவது எஞ்சினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய், மாட்டிய வண்டிகளைப் பார்த்தால் ஆற்றையே கடந்துவிடும் போலத் தோன்றும். அது காப்பாற்றுவது எஞ்சின் மூச்சு விடும் வழியை மட்டும்தான். அச்சின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கும், கியர்பாக்ஸுக்கும்கூட மூச்சு விட ஒரு சின்னத் துவாரம் உண்டு. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அந்தத் துவாரம் தண்ணீருக்குள் இருந்தாலோ அடைத்திருந்தாலோ, ஆயில் சீல் வழியாகவே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். பிறகு ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்து வரும். துவாரத்திலிருந்து ஒரு குழாயை எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோய் நிறுத்துவது அரை நாள் வேலை, அரைக் கிலோ எடை. இதைச் செய்துவிட்டேன். ஸ்நார்கெல் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கிறது.

டயரின் அளவையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தவை. வண்டியோடு வந்தது 265/65 ஆர்17. விட்டம் 776 மி.மீ. பக்கச்சுவர் சற்று உயரமான 265/70-க்குப் போனால் 803 மி.மீ. விட்டத்தில் 27 மி.மீ. கூடினாலும் அச்சு உயர்வது அதில் பாதிதான். கிட்டத்தட்ட 13 மி.மீ. இது போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் ரிஜிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) உள்ள வண்டியில் டிஃபரன்ஷியலின் அடிப்பாகத்தைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான். எத்தனை இன்ச் லிஃப்ட் போட்டாலும் அந்த உருண்டை கல்லில் தட்டும் உயரம் மாறாது. பதிலுக்கு, ஸ்பீடோமீட்டர் காட்டும் அதே எண்ணுக்கு நிஜ வேகம் முன்பைவிட 3 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். கியர் விகிதம் அதே அளவு நீண்டு, மேட்டில் இழுவை கொஞ்சம் குறையும். இன்னும் பெரிய டயர் என்றால் மட்கார்டு உரசும், ஸ்பேர் டயர் அதன் இடத்தில் அடங்காது, அதற்காகப் பின் பம்பர், அதற்காக வலுவான ஸ்பிரிங் என்று சங்கிலி நீளும். உரசாமல் அடங்கும் அளவோடு நிறுத்திக்கொண்டேன். பழைய டயர் தேயட்டும், அவசரமில்லை.

ஸ்பிரிங் ஏன் கடைசியில்

நல்ல ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் கேட்கும் முதல் கேள்வி உயரத்தைப் பற்றியது இல்லை. "எப்போதும் வண்டியில் இருக்கும் கூடுதல் எடை முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு?" என்பதுதான். முன்னால் 100 கிலோ பம்பருக்கென்று செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், சின்னப் பள்ளத்துக்கும் தூக்கிப்போடும். பின்னால் 300 கிலோவுக்கான ஸ்பிரிங்கை வாரம் முழுக்கக் காலியாக ஓட்டினால் பின் சீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்குத்தான் தண்டனை.

இன்னொன்று, பலருக்கும் இதைச் சொன்னால் நம்பிக்கை வருவதில்லை. முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஸ்பேசர் (இடையில் செருகும் தடித்த வளையம்) வைத்தோ ஸ்பிரிங்கை இறுக்கியோ உயர்த்தும்போது, சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரம் கூடுவதில்லை. அது சக்கரத்தைத் தாங்கும் கைகளும் பால் ஜாயின்ட்டும் ஷாக் அப்சார்பரும் அனுமதிக்கும் அளவுதான். வண்டி உயர்ந்து நிற்கிறது என்றால், சக்கரம் ஏற்கெனவே பாதி கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பள்ளம் வந்தால் இன்னும் இறங்க அதற்கு இடம் குறைவு, அதனால் முன்பைவிடச் சீக்கிரமாகவே அந்தரத்தில் நிற்கும். சேஸிஸ் உயர்ந்ததால் முகப்பும் வயிறும் தட்டாது என்பது உண்மை, அந்த லாபத்தை மறுக்கவில்லை. ஆனால் டயர் தரையைப் பிடிப்பதில் அதற்கு ஒரு விலை இருக்கிறது. டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேய்வதும் அந்த விலையில் சேரும். வலுவான ஸ்பிரிங் போட்டுவிட்டால் 2,700 என்பது தானாக 3,000 ஆகிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. பிரேக்கும் அச்சும் சேஸிஸும் பழையவைதானே.

லாக்கரா, வின்ச்சா

இன்னும் தீராத வாதம் இதுதான். குறுக்குப் பள்ளத்தில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும்போது, சாதாரண டிஃபரன்ஷியல் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சமமான திருப்பு விசையைத்தான் தரும். காற்றில் சுழலும் சக்கரத்துக்கு விசையே தேவையில்லை. ஆகவே தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. லாக்கர் இரண்டையும் பிணைத்துவிடும். ஜீப் ராங்ளர் ரூபிகான் 2003 மாடலிலிருந்தே முன், பின் இரண்டு அச்சுகளிலும் லாக்கரோடு தொழிற்சாலையிலிருந்து வந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் இன்றைய வண்டிகளில் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்தும் டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. அது வேலை செய்ய ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்திருக்க வேண்டும். சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டதும் எல்லோரும் காலை எடுத்துவிடுகிறார்கள். நானும் ஒரு பள்ளத்தில் காலை எடுக்காமல் இரண்டு மூச்சு பொறுத்திருந்து பார்த்தேன். கடகடவென்று பிரேக் சத்தம், வண்டி ஒரு குலுக்கலோடு ஏறிவிட்டது. அதனால் லாக்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடை மிகக் குறைவு, எல்லாம் அச்சுக்குள் போய்விடுகிறது என்பதால் என் கணக்கில் அது வின்ச்சைவிட மேலே நிற்கிறது.

வின்ச்சுக்கு வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 2,700-க்கு 4,050 கிலோ, சந்தையில் 9,000 பவுண்டு என்று விற்கும் அளவு. அந்தச் சக்தியும் கம்பி சுற்றும் டிரம்மில் கடைசி அடுக்கு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைப்பது. மேலே அடுக்குகள் கூடக் கூடக் குறையும். முழு இழுவையில் 400 ஆம்பியர் வரை கேட்கும், பேட்டரியும் அதற்குத் தகுந்ததாக வேண்டும். தனியாகப் போகிறவருக்கு இதெல்லாம் நியாயமான செலவு. நான் இன்னொரு வண்டி கூட இல்லாமல் மண் பாதையில் இறங்குவதில்லை. இழுகயிறும், அதை வண்டியில் மாட்டும் சாஃப்ட் ஷேக்கிள்களும் (கயிற்றால் ஆன கொக்கிகள்), டயருக்கு அடியில் போடும் இரண்டு பலகைகளும் வைத்திருக்கிறேன். மொத்தமே பதினைந்து கிலோ வராது. நண்பர் இதற்கு மட்டும் இன்னும் மசியவில்லை. "கூட வர்ற வண்டியும் மாட்டிக்கிட்டா?" என்கிறார். அந்தக் கேள்விக்காகப் பட்டியலில் வின்ச்சை அடிக்காமல், பக்கத்தில் "செயற்கைக் கயிறு, அலுமினிய பம்பர் என்றால் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது தாளில் இருக்கும் நிலவரம் இது. ரூஃப் டென்ட்டைப் பட்டியலிலிருந்து அடித்தாகிவிட்டது. 60 கிலோவைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு பக்கச் சரிவில் போக எனக்குத் துணிச்சல் இல்லை. பின் பம்பரும் போச்சு. இழுப்பறைப் பெட்டிக்குப் பதில் கட்டிவைக்கக்கூடிய இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். அடுத்து வரப்போவது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடித்தகடு. அலுமினியம் எடை குறைவு, ஆனால் பாறையில் வழுக்காமல் கடித்துக்கொள்ளும். இரும்பு வழுக்கிப் போகும், ஆனால் கனம். இதில் இரும்பையே எடுக்கலாம் என்றிருக்கிறேன், எடை தாழ்வாகவும் அச்சுகளுக்கு நடுவிலும் இருப்பதால். பின்னால் ஃபிரிட்ஜுக்கு ஒயர் இழுக்கும்போது மட்டும், பிறகு இரண்டாவது பேட்டரி வந்தாலும் தாங்கும்படி தடித்த கேபிளாக இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை இன்னொரு தடவை பிரிக்க முடியாது. தகடுகள் ஏறியதும் மறுபடி அதே மூட்டை முடிச்சுகளோடு எடைமேடை. அந்தச் சீட்டில் வரும் முன், பின் எண்களைக் கொண்டுபோய் ஸ்பிரிங் கடையில் கொடுப்பேன். உயரம் எவ்வளவு கூடுகிறது என்று அவர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.